காமன் பொட்டலும் கரும்பலகையும்

இலங்கையின் மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை, நாவலப்பிட்டியையும் ஹட்டனையும் கடந்து, 1885ஆம் ஆண்டில் நானுஓயாவில் வந்து நின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 5,291 அடி உயரத்தில் அமைந்த இந்தச் சிறு நிலையம், 1893இல் பாதை ஹப்புத்தளையை எட்டும் வரையில், எட்டாண்டுக் காலம் அப்பாதையின் கடைசி நிலையமாகவே இருந்தது. நுவரெலியாவின் குளிரை நாடிச் சென்ற வெள்ளைக்காரப் பிரபுக்களும், அதற்கும் அப்பாலுள்ள தோட்டங்களுக்குப் போக வேண்டியிருந்த மற்றெல்லோரும், இங்கே இறங்கி வண்டியிலோ காலாலோ தத்தம் பிரயாணத்தைத் தொடர்ந்தனர். பின்னர் 1904 அளவில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரையில் ஒரு குறுகிய தண்டவாளமும் போடப்பட்டு, நாற்பதுகளில் அது மூடப்பட்டும் போயிற்று. கிரேட் வெஸ்டர்ன், ராதெல்ல, டெஸ்போர்ட், கிளாசோ என்று இங்கிலாந்தின் நினைவும் உள்ளூர்ப் பெயரும் கலந்த தோட்டங்கள் இந்நிலையத்தைச் சூழ்ந்து கிடக்கின்றன. இங்கிருந்து கொழும்புக்கு இறங்கிப்போன தேயிலைப் பெட்டிகளின் கணக்கு கம்பெனிகளின் பேரேடுகளில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. மலையேறி வந்தவர்கள் தங்கள் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த கூத்துக் கொப்பிகளுக்கோ எந்தப் பேரேட்டிலும் வரவு இல்லை.

இன்று இப்பகுதிப் பாடசாலைகளில் தரம் 10இல் அடியெடுத்து வைக்கும் மாணவனொருவன், ‘நாடகமும் அரங்கியலும்’ என்றும், ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும்’ என்றும் பெயரிடப்பட்ட பாடங்களைத் தெரிவு செய்யலாம் என்று பாடத்திட்டம் சொல்கிறது. மகரகமையில் இயங்கும் தேசிய கல்வி நிறுவகம் வகுத்து, கொழும்பிலே அச்சிட்டு அனுப்பும் பாடங்களாகையால், இவை கீழேயிருந்து மலைக்குப் புதிதாக ஏற்றப்பட்ட வித்தைகள் என்று எண்ணுவோர் பலர். வரலாற்றின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது என்பதே என் அபிப்பிராயம். இந்த மலைகளில் கலைக்கு ஒரு பாடசாலை, கல்விக்கு ஒரு பாடசாலை ஏற்படுவதற்கு முன்பே இருந்தது. அதற்குக் கட்டடம் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை, பரீட்சை மட்டும் உண்டு.

அந்தப் பாடசாலையின் பெயர் காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவேயுள்ள திடலொன்றில் காமன் கம்பம் ஊன்றப்படும். தோட்டத்து மக்கள் அத்திடலைக் காமன் பொட்டல் என்பர். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரையில், பகலெல்லாம் கொழுந்தும் முள்ளுக்குத்தும் கவ்வாத்தும் எனத் தோட்ட வேலையிற் கழிய, இரவெல்லாம் மன்மதனும் ரதியும் லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். தவத்தில் ஆழ்ந்த சிவபெருமானின் நிஷ்டையைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுவதும், போகவேண்டாமென்று ரதி தடுத்து வாதிடுவதும், அவன் மீறிச் சென்று நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பராவதும், ரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனை மீண்டும் எழுப்புவதும் கதை. இந்தக் கதைக்குள் தூதன், வீரபத்திரன், காளி, எமன், குறவன், குறத்தி என்று பாத்திரங்கள் வந்து புகுந்துகொண்டே இருக்கும். எத்தனை பேர் ஆடத் தயாராக இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் இடம் கொடுக்கக்கூடிய விசாலம் அதற்கு உண்டு.

இதில் கவனிக்கத்தக்கது கற்பிக்கும் முறை. கூத்து வாத்தியார் என்று ஊர் அங்கீகரித்த ஒருவர், பெரும்பாலும் அவரும் மலையில் வேலை செய்யும் தொழிலாளியே, தம் தகப்பனாரிடமோ மாமனிடமோ பெற்ற கையெழுத்துக் கொப்பியை வைத்துக்கொண்டு, எழுத்தறியாத இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் பாட்டை வாய்மொழியாகவே ஏற்றுவார். ஓர் அடியை அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, அதன் தாளத்தைத் தப்பு சொல்ல, அந்தத் தாளத்தைக் கால் சொல்ல, இவ்வாறு நாலும் ஒருங்கே உடம்பில் இறங்கும்வரை ஒத்திகை நடக்கும். மதனாகவும் ரதியாகவும் வேஷங்கட்டுவோர் காப்புக் கட்டிக்கொண்டு விரதமிருப்பார்கள். ரதி வேஷமும் ஆணுக்கே உரியது. சில குடும்பங்களில் இந்த வேஷம் பரம்பரைச் சொத்தாக இறங்கிவந்ததனால், பத்து வயதுப் பையன் தன் தகப்பனின் ரதியைப் பார்த்துப் பார்த்தே நடையும் கண்ணசைவும் கற்றுக்கொண்டிருப்பான். பரீட்சை என்று நான் சொன்னது பௌர்ணமி இரவையே. விடியும்வரை ஒவ்வொரு லயத்து வாசலிலும் ஆடி முடித்துத் திடலுக்குத் திரும்புகையில், அடி தவறிய மதனையும் பாட்டு மறந்த தூதனையும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு அந்தச் சபையில் ஒரு கிழவிகூட இருக்கமாட்டாள். அவர்கள் எல்லோருக்கும் பாடம் மனப்பாடம்.

காமன் கூத்து ஒன்றே இருந்ததென்றும் கொள்ளலாகாது. கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்களின் நினைவோடு பொன்னர் சங்கர் கதை வந்தது. வடஆர்க்காடு, தென்னார்க்காடுப் பகுதிகளின் தெருக்கூத்து மரபோடு அருச்சுனன் தபசு வந்தது. உயர்ந்த கம்பமொன்றை நட்டு, அருச்சுனன் வேஷக்காரன் பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏறிப் பாசுபதம் வேண்டுகிற காட்சியைக் காண, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பந்தம் கொளுத்திக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இவை யாவற்றுக்கும் உயிர்நாடியான தப்பு என்னும் வாத்தியத்தின் சரித்திரமோ விசித்திரமானது. அதிகாலை இருட்டில், பெரட்டு என்னும் வேலை அணிவகுப்புக்கு ஆள் கூட்டுவதற்கு அடிக்கப்பட்டதும் அதுவே. சாவுக்கு அடிக்கப்பட்டதும் அதுவே. காமனுக்கு அடிக்கப்பட்டதும் அதுவே. துரைத்தனம் அதை மணிக்கூண்டாகப் பயன்படுத்தியது. ஊர்ச் சாதிமான்களோ அதை அடிப்பவர்களைத் தள்ளி வைத்தனர். ஆயினும் அது இல்லாமல் ஒருவருக்கும் கூத்து இல்லை.

இப்பொழுது கரும்பலகையின் பக்கம் வருவோம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமே, தொழிலாளரின் பிள்ளைகளில் 6 முதல் 10 வயது வரையானோர்க்குத் தாய்மொழிக் கல்வியும் அதற்கென ஓர் அறையும் அளிக்கவேண்டிய கடமையை முதன்முதலாகத் தோட்டத் துரையின் தலையில் சுமத்தியது. சட்டம் அறை என்றது. தோட்டம் கொடுத்ததும் அறைதான். லயத்தின் ஒரு கோடியிலோ பிள்ளைக் காம்பிராவுக்கு அருகிலோ, ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ் அமர, ஓர் உபாத்தியாயர் மட்டும் எல்லா வகுப்புக்கும் பொறுப்பாக இருப்பார். சில இடங்களில் அவர் காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கும் எழுதுவார். கையெழுத்திடவும், சம்பளச் சீட்டை எழுத்துக்கூட்டவும், நாலு கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்பது அக்கல்வியின் எல்லை. அதற்கு மேல் தெரிந்த பிள்ளை மலைக்கு வேலைக்கு வரமாட்டான் என்கிற பயம் துரைமாருக்கு இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

தீவின் ஏனைய பகுதிகளில் 1945ஆம் ஆண்டு தொடக்கம் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்து, மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்து, கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரையில் ஏறிச் சென்றுகொண்டிருந்த காலத்திலும், தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் அதில் சேர்க்கப்படவில்லை. காணிச் சீர்திருத்தத்தால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதற்கொண்டுதான் அவை படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின் கைக்கு வந்தன. ஆகவே, 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்கான பொதுப் பாடவிதானத்தில் அழகியற் கல்விக்கு இடமளித்த செய்தி, இடைநிலை வகுப்பே இல்லாத ஒரு பாடசாலையின் வாசலுக்கு வந்து என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இடைநிலைக் கல்வி வேண்டியவன் கோச்சியேறித் தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ, அல்லது பஸ்ஸில் நுவரெலியாவுக்கோ போகவேண்டும். கோச்சிக் கூலிக்கு வழியுள்ள கங்காணியின் மகன் போனான். மற்றவன் தோட்டத்து வேலைக்குப் பெயர் பதிந்து கைக்காசுக்குப் போனான்.

இந்த இருளிலும் சில வெளிச்சங்கள் உண்டு. வட்டகொடைக்கு அருகிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் 1947இல் முதலாவது பாராளுமன்றத்தில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக அமர்ந்தவர், வாலிபப் பருவத்தில் ஆங்கிலத்தில் எழுதியது ‘விஸ்மாஜினி’ என்றோர் இசை நாடகம். 1934இல் மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது அதை அவர் கையில் சேர்த்தார். அதே யாத்திரையில்தான் தாகூர் ஹொரணையில் ஸ்ரீபாலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பாட்டும் ஆட்டமும் சித்திரமும் பாடவேளைக்குள் இருக்கவேண்டுமென்ற சாந்திநிகேதனத்துக் கொள்கை இத்தீவில் கால்கொண்ட இடம் அது. இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகமாகி, வெகுசன ஊடகத்தையும் அரங்கக் கலைகளையும் பட்டப் பாடங்களாக நடத்துவதும் அதுவே. தேயிலைத் தோட்டத்து இளைஞனொருவன் அந்தக் கொள்கையின் மூலபுருஷரிடமே ஒரு நாடகத்தைக் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பினான். கொள்கை மட்டும் ஹொரணையோடு நின்றுவிட்டது. வேலுப்பிள்ளை அதன்பின் ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் தோட்டம் தோட்டமாக அலைந்து, தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் கேட்ட இடமெல்லாம் எழுதி வைத்து, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். எந்தப் பாடசாலையும் பாடப்புத்தகமாகக் கேளாத ஒன்றை, ஒரு மனிதர் ஆயுட்காலம் முழுவதும் பாடப்புத்தகம் போலத் தொகுத்துக்கொண்டிருந்தார்.

ஊடகம் என்று இன்று நாம் பெரிய சொல்லால் குறிப்பிடுவதன் ஆரம்பமும் இவ்வாறே பாடசாலைக்கு வெளியே நிகழ்ந்தது. ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் பத்திரிகாசிரியர், ‘தேசபக்தன்’ நடத்தியவர், தொழிலாளரின் அவல வாழ்வை நாடகமாகவும் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களிடையே பத்திரிகை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள். கூட்டம் தொடங்குமுன் அந்த அம்மையார் மேடையேறி, அப்போது ஜனங்களின் வாயில் உலவிய மெட்டுக்களில் தாமே கட்டிய பாட்டைப் பாடுவார். 1940இல் அப்பாட்டுக்கள் சிறு பிரசுரமாகவும் வந்தன. அவருக்குப் பின்னால் ஜில் சுல்தான், சிட்டுக்குருவியார் முதலிய பாட்டுக்காரர்கள், சம்பள நாட்களில் கடைத்தெருக்களிலும் கோச்சிப் பெட்டிகளிலும் தம் பாடல்களைப் பாடிப் பாடியே அச்சுப் புத்தகங்களைச் சில சதங்களுக்கு விற்றார்கள். கொலை, வெள்ளம், வேலைநிறுத்தம், பிரஜாவுரிமைச் சட்டம் எதுவானாலும், அது பாட்டாகியே லயத்துக்குள் நுழைந்தது. செய்தியின் மூலம் எது, அதைக் கேட்போன் யார், எந்த வடிவம் அவனுக்குப் பொருந்தும் என்று இன்றைய ஊடகக் கற்கைப் புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வகுத்துச் சொல்லப்படும் விஷயங்களை, வயிற்றுப்பாட்டுக்காகவே அவர்கள் துல்லியமாக அறிந்துவைத்திருந்தார்கள்.

1930இல் தோன்றிய ‘வீரகேசரி’க்கும் மலைநாட்டில் இப்படியொரு வாய்மொழி ஆயுள் இருந்தது. ஒரு பிரதி வாங்கினால், படிக்கத் தெரிந்த ஒருவன் திண்ணையில் அமர்ந்து வாசிக்க, லயமே கூடிக் கேட்கும். பின்னாளில் எஸ். எம். கார்மேகம் அப்பத்திரிகையின் தோட்ட மஞ்சரிப் பகுதியை நடத்திய காலத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். சிறுகதைப் போட்டிகளில் தேறிய கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுதியாயின. 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடிக்க, தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுதிய ‘புதிய காற்று’ திரைக்கு வந்தபோது, தங்கள் லயத்தையும் தங்கள் பேச்சையும் வெள்ளித்திரையில் பார்த்த ஜனங்களுக்கு ஏற்பட்ட பிரமிப்பு சாமானியமானதன்று. தயாரிப்பாளர் தொழிற்சங்கத் தலைவர். எழுதியவர் தோட்டத்தில் பிறந்தவர். இருவரில் எவரும் ஊடகக் கற்கையில் சித்தியெய்தியவர் அல்லர், ஏனெனில் அப்படியொரு பாடம் அப்போது பிறக்கவில்லை.

நாடகம் எவ்வாறு ஒரு பாடமாயிற்று என்பதையும் சிறிது பார்க்க வேண்டும். சரச்சந்திரரின் ‘மனமே’ 1956இல் சிங்கள அரங்கை உலுப்பியெழுப்பிய பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை எடுத்து, அண்ணாவிமாரை அழைத்து, மாணவர்களைப் பழக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிப் படித்தவர்களின் கண்ணுக்கு முன் வந்தபோது, அதுவரையில் அதைப் பாமரர் விளையாட்டென்று ஒதுக்கியவர்களும் கலையென்று ஒப்புக்கொண்டார்கள். தமிழரங்குக்கு இதனால் உண்டான நன்மை மிகப் பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் பேராதனை மலைநாட்டின் வாயிற்படியன்றோ? அங்கிருந்து கோச்சியேறினால் அரைநாளில் நானுஓயா. மாசி நிலவில் காமன் எரிகிற தீயின் வெளிச்சம் இத்தனை அருகில் இருக்க, கூத்தென்றால் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் மன்னாரும்தான் என்று ஓர் இலக்கணம் அக்காலத்தில் படிந்துவிட்டது. அந்த மாணவர்களில் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், லயத்திலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. காரணம் அதுவன்றி வேறில்லை. அந்தப் பேராதனைக் கூத்துக்களில் ஆடிய சி. மௌனகுரு முதலானோர் பின்னர் பேராசிரியர்களாயினர். எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதும், அதையொட்டிய ஆண்டுகளில் நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பாடமாக வேரூன்றியதும் இவ்வழியின் தொடர்ச்சியே. பாடத்தை ஆக்கியவர்கள் தாம் அறிந்த கூத்தைப் பாடத்தில் வைத்தார்கள். அவர்களைக் குறை கூற வேண்டியதில்லை.

குறை கூற வேண்டியது வேறொன்றை. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் எழுதிவைத்தது. அதன்பின் இந்த நானுஓயா மேடையிலும் மற்ற மலைநாட்டு நிலையங்களிலும் ஏறித் தலைமன்னாரை நோக்கிப் போனவர்களை வழியனுப்பிய அழுகையினால், அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. ஒரு குடும்பத்தில் அண்ணன் போனான், தம்பி நின்றான். ஒரு கூத்தில் ரதி போனாள், மதன் நின்றான். வாத்தியாரோடு கொப்பியும் போயிற்று. பாடங்கள் எழுத்தில் இல்லாத ஒரு பாடசாலையில் உபாத்தியாயர் வெளியேறினால் நூலகமே வெளியேறியதாகும். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஓர் இளைஞர் தலைமுறையைத் தன்மானத்தோடு எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பொட்டல்களில் காமனுக்கு ஆள் குறைந்துகொண்டிருந்தது. எழுத்து மேலே வர, ஆட்டம் கீழே போயிற்று. எண்பதுகளில் அந்தனி ஜீவா வீதி நாடகத்தோடு தோட்டங்களுக்குள் வந்து ‘கொழுந்து’ என்ற ஏட்டையும் நடத்தியது, இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிய முயற்சி.

அரசாங்கம் பொறுப்பேற்ற பின் தோட்டப் பாடசாலைகள் வளர்ந்தது உண்மை. சுவீடன் நாட்டின் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் துணையோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஏற்பட்டு, மலைநாட்டுப் பிள்ளைகளே ஆசிரியர்களாகும் வழி திறந்தது. ஆனால் கலை என்று பாடசாலைக்குள் முதலில் நுழைந்தவை கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமுமே. 1931இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்தமையால், ஆசிரிய நியமனத்துக்கு அந்தச் சான்றிதழே திறவுகோலாயிற்று. தப்பு அடிப்பவனுக்குச் சான்றிதழ் கொடுக்க எந்தச் சபையும் இல்லை. வாணி விழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் சிறுமிகள் புஷ்பாஞ்சலி ஆடினார்கள். அவர்களுடைய தாத்தாமார் பார்வையாளர் வரிசையின் கடைசியில் நின்று பார்த்தார்கள். பரதம் இவர்களுக்கு வேண்டாம் என்பவன் நானல்லன். எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கலையும் உரியதே. வீட்டில் கேட்ட தாளம் பாடசாலைக்குள் வரும்போது வெட்கப்பட வேண்டியதாயிற்று என்பதே என் முறைப்பாடு. பிற்காலத்தில் தமிழ்த் தினப் போட்டிகளில் நாட்டார் பாடலுக்கும் கூத்துக்கும் தனித்தனிப் போட்டிகள் ஏற்பட்ட பிறகுதான், கோட்டம், வலயம், மாகாணம் என்று வென்று செல்லும் ஆசையில், அதிபர்மாரே தாத்தாமாரைத் தேடி லயத்துக்குப் போகும் காலம் வந்தது. ஆசை எதுவானாலும் விளைவு நன்றே.

இன்றைய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடங்கள் 9. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் 6 கட்டாயமானவை. எஞ்சிய 3 பாடங்களையும் மூன்று தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டாம் தொகுதியில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் ஆகியவை அருகருகே நிற்கின்றன. மூன்றாம் தொகுதியில் கணினி, விவசாயம், மனைப்பொருளியல் முதலியவற்றோடு தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் நிற்கிறது. பாட்டெடுத்தவன் ஆட்டம் எடுக்க முடியாது, ஆட்டமெடுத்தவன் நாடகம் எடுக்க முடியாது. பரிபாலன வசதிக்கு இந்தப் பகுப்பு அவசியமாக இருக்கலாம். பாட்டும் ஆட்டமும் வேஷமும் வாதமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கும் காமன் கூத்தை இந்தத் தொகுதிக்குள் எந்தப் பெயரின் கீழ் வைப்பது என்று கேட்டால், எவரும் விடை சொல்ல மாட்டார்கள்.

தவிரவும், பாடத்திட்டத்தில் உள்ள பாடமெல்லாம் பாடசாலையில் உள்ள பாடமாகாது. ஆசிரியர் இருக்குமிடத்தில்தான் பாடம் இருக்கும். தோட்டப்புறப் பாடசாலை பலவற்றில் நாடகத்துக்கெனப் பயின்ற ஆசிரியர் கிடைப்பது அருமையாகையால், தமிழாசிரியரே ஓய்வு வேளையில் அதைக் கற்பிப்பதும், அவருக்கும் ஓய்வில்லையெனில் பிள்ளைகள் எல்லோரும் சித்திரத்துக்குப் பெயர் கொடுப்பதும் வழக்கம். தமிழில் நாடகத்தையோ நடனத்தையோ பட்டமாகப் படிக்க விரும்புகிறவன், நானுஓயாவில் கோச்சியேறி, பொல்காவலையில் இறங்கி மாறி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகவேண்டும். போனவர்களிற் சிலர் அங்கே வடமோடியையும் தென்மோடியையும் பயின்று பட்டத்தோடு திரும்பி, அதன்பிறகே தம் சொந்தத் தோட்டத்துக் கூத்தை ஓர் ஆய்வுப் பொருளாகக் காண்கிறார்கள்.

இவை இலேசான பாடங்கள், கணிதத்தில் தேறாதவனுக்காக வைத்தவை என்ற பேச்சு, பெற்றோரிடத்தும் ஆசிரியர் அறைகளிலும் நெடுங்காலமாக உண்டு. மகன் எழுதுவினைஞனாகவோ ஆசிரியனாகவோ ஆகித் தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று விரும்பும் தாய், அவன் நாடகம் படிக்கிறான் என்றால் கலங்குவதில் பிழையில்லை. அவள் அறிந்த நாடகக்காரர் எல்லோரும் மறுநாட்காலையில் பெரட்டுக்குப் போனவர்களே. ஆனால் இலேசு என்ற சொல்லை நான் ஒப்பமாட்டேன். கணிதமும் ஆங்கிலமும் அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை வாசலில்தான் அறிமுகமாகின்றன. தாளமும் வசனமும் சபையின் முன் குரலெடுத்து நிற்கும் துணிவும் அவன் வீட்டிலேயே பெற்றுக்கொண்டு வருபவை. மூன்று தலைமுறைத் தயாரிப்போடு ஒரு மாணவன் உட்காரும் பாடம் அவனுக்கு இலேசாகத் தோன்றினால், அந்த இலேசு பாடத்தினுடையதன்று.

அண்மைக் காலத்தில் பரீட்சை நாட்கள் முன்பின்னாக மாறியதில், தற்செயலாக ஒரு விசேஷம் நேர்ந்தது. டிசம்பரில் நடந்துவந்த சாதாரண தரப் பரீட்சை, பல காரணங்களால் தள்ளித் தள்ளிப் போய், 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச் 17ஆம் திகதி திங்கட்கிழமை ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு மாசிப் பௌர்ணமி அதற்கு முந்திய வியாழக்கிழமை, மார்ச் 13. இன்னும் காமன் ஊன்றும் தோட்டங்களில் வேஷங்கட்டிய பிள்ளைகளுள் எவரேனும் அவ்வருடம் பரீட்சை எழுதியிருந்தால், வியாழனிரவு விடிய விடிய ஆடிவிட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் தூக்கத்தையும் பாடத்தையும் சரிக்கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போயிருக்க வேண்டும். நாடகத்தைத் தெரிந்தெடுத்தவர்களுக்கு எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அதை நடத்தப் பரீட்சைத் திணைக்களம் பரீட்சகர்களை வெளியிலிருந்து அனுப்புகிறது. அவர்களை முன்னதாக, மூன்றாம் பிறையன்றே அனுப்பினால் என்ன என்பது என்னுடைய யோசனை. போக்குவரத்துச் செலவு ஒன்றுதான். கோச்சியும் அதே கோச்சிதான்.